தூணின் அடிக்கம்பிகள்

முதலிபாளையம் மேம்பாலத்தின் மூன்றாவது தூணுக்கு அடித்தளக் கான்கிரீட் பத்து மணிக்கு வரவிருந்தது. எட்டரைக்கு சைட் இன்ஜினியர் ஜெயசுதா பள்ளத்துக்குள் இறங்கிக் குனிந்து பார்த்தாள். தூணின் முப்பத்திரண்டு கம்பிகளும் அடியில் மடிந்து, பாதங்களை வெளிப்பக்கம் நீட்டியிருந்தன. வரைபடத்திலோ அவை உள்பக்கம் திரும்பியிருந்தன.

நேற்று மாலை மேலே நின்றபடியே பார்த்து, 'கம்பி சரி' என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் கான்கிரீட் மூடிவிடும். பிறகு யாருக்கும் தெரியப்போவதில்லை.

கையை நீட்டி ஒரு பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னுங்க மேடம்?" என்றபடி பள்ளத்துக்குள் இறங்கி வந்தார் கம்பி மேஸ்திரி தங்கதுரை. அவள் காட்டினாள்.

"வெளிய நீட்டுனாத்தானுங்க கம்பிக்கூடு தானா நிக்கும். இருவது வருசமா பனியன் கம்பெனிக் கட்டடமெல்லாம் இப்பிடித்தான் கட்டுனோம். ஒண்ணாவது உளுந்திருக்குதுங்களா?"

"அந்தக் கட்டடத் தூணுக்குப் பாரம் மட்டுந்தானுங்ண்ணா. இது ஒத்தக்கால்ல நிக்குது. மேல லாரி பிரேக் போட்டா தூண் வளையப் பாக்கும். ஒரு பக்கக் கம்பி மேல இழுக்கும், எதிர்ப்பக்கம் கீழ அமுக்கும். அந்த இழுப்பும் அமுக்கமும் அடித்தளத்துக்குள்ள குறுக்கால சாஞ்சு ஒண்ணையொண்ணு புடிச்சுக்கோணும். பாதம் உள்ள பாத்திருந்தா அந்தச் சாய்வான அமுக்கத்த மடியில வாங்கிக்கும்."

சொல்லும்போதே அவளுக்குச் சிலிர்த்தது. ஒரு சாலையின் தள்ளாட்டம் முழுவதும், கண்ணில் படாத அந்தச் சாய்வு வழியாக, சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய்விடுகிறது. கல்லூரியில் முதன்முதலில் புரிந்த நாளிலிருந்து அந்த வியப்பு தீரவேயில்லை.

தங்கதுரை ஒரு கம்பியைப் பற்றி இழுத்துப் பார்த்தார். அதன் பாதத்தையே பார்த்துக்கொண்டு குத்தவைத்தார்.

"அப்ப வெளிய பாத்தது கைய வுட்டுப்போடும்."

"ஆமாங்ண்ணா."

"இத்தன வருசத்துல ஒரு இன்ஜினியரும் எங்கிட்ட ஏன்னு சொன்னதில்லீங்க. மாத்துன்னுதான் கத்துவாங்க." கம்பியை விட்டு எழுந்தார். "நீங்க கையெழுத்துப் போட்டாச்சுங்களே?"

"தப்பாப் போட்டுட்டேன்."

மேலேறிப்போய் கான்கிரீட் லாரியை நிறுத்தச் சொன்னாள். பிறகு மேலதிகாரி சிவபிரகாஷை அழைத்து, "சரியாப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேனுங்க சார்" என்றாள். "நாளைக்கு ஆபீஸ் வாங்க" என்ற பதில் மட்டும் வந்தது.

அவள் திரும்பி வந்தபோது கூடு சாயாதபடி அதை ஆட்கள் நான்கு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கட்டுக்கம்பிகளை அவிழ்த்துவிட்டு, தங்கதுரை கம்பி திருப்பும் ரிஞ்சை மாட்டி முதல் கம்பியை மெல்லத் திருகினார். பாதம் கொஞ்சங்கொஞ்சமாக உள்ளே திரும்பியது.

"போதுங்களா மேடம்?"

அவள் மண்டியிட்டுத் தலையைத் தரையோடு தாழ்த்தினாள்.

"இன்னும் ஒரு விரக்கட அளவு உள்ள திரும்போணும், அண்ணா."