தொலேசாவின் ஈரல்

தொலேசாவின் நாக்கை அவருடைய பல் டொக்டரைவிட நான்தான் கூடப் பார்த்திருப்பேன். காலை எட்டு மணிக்கு அவர் இதயக் குளிசையை விழுங்குவார். "ஆ காட்டும்" என்று ரோச் லைற் அடித்து நாக்கின் கீழ், கன்னத்தின் உள்ளே, ஏறக்குறைய வயிறுவரை தேடுவேன். குளிசை போய்விட்டிருக்கும். இதயம் மட்டும் நாய் துரத்தினதுபோல் ஓடிக்கொண்டிருக்கும்.

அவர் எதியோப்பியாவின் ஒறோமோ இனத்தவர். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் இருபது வருடமாக எனக்கு அடுத்த கதவு. தமிழில் ஏசுவதில் என் மகனைவிடக் கெட்டிக்காரர். குளிசையை அவர் குப்பையில் போடுகிறார் என்று டொக்டர் முடிவுகட்டிவிட்டார். மகள் ஹாவியும் அதை நம்பினாள். மாதக் கடைசியில் அஜக்ஸிலுள்ள வீட்டுக்கு அவரைக் கொண்டுபோய்த் தன் கண்முன்னால் விழுங்க வைப்பதென்று பெட்டிகளெல்லாம் கட்டியாயிற்று.

"எழுபத்தொரு வயசில என்னைக் கள்ளனாக்கிப்போட்டாள், ஜூலியஸ் அண்ணை" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கீழேயிருந்த மருந்துக்கடைக்கு அவரை இழுத்துப் போனேன். புதிதாக வந்திருந்த பார்மசிஸ்ற் நிலாணியிடம் முக்கால் மணிநேரம் சாட்சி சொன்னேன்.

"அங்கிள், கொஞ்சம் மூச்சு விடுங்கோ" என்றுவிட்டு அவரைப் பார்த்தாள். "ஐயா, வேற மருந்து ஏதும் ஒத்துவராமப் போனதோ?"

"பல்லுப் பிடுங்கேக்க நோவுக்குக் கோடீன் தந்தவை. ஒரு குளிசை. ஒரு நாள் எழும்பேல்லை."

"ஒரு நாளோ? மூண்டு நாள்! நான் சவப்பெட்டிக்கு அளவெடுத்தனான்" என்றேன்.

நிலாணி சிரிக்கவில்லை. "ரெண்டையும் ஈரலில இருக்கிற ஒரே நொதியம்தான் கையாளுறது. கோடீனை மோர்பீனா மாத்தும், உந்த இதயக் குளிசையை உடைச்சு வெளியேத்தும். சிலருக்கு அதின்ர ஜீன் அளவுக்கு மிஞ்சி இருக்கும், ரெண்டு வேலையும் கண்டபடி கெதியா நடந்திடும். எதியோப்பியாவில கனபேருக்கு. ஐயா விழுங்கிறார், ஈரல்தான் விடுகுதில்லைப்போல. சோதிச்சுப் பாப்பம்."

அன்றே டொக்டருக்கு எழுதினாள். முடிவு வர மூன்று கிழமை. கட்டிய பெட்டிகளுக்கு நடுவில் இருவரும் நகம் கடித்தோம். என் பத்தும் முடிந்து அவருடையதைக் கடன் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது: எல்லோருக்கும் இரண்டு பிரதி இருக்கும் ஜீன் அவருக்கு மூன்று. டொக்டர் மருந்தை மாற்றினார். தொலைபேசியில் மன்னிப்பும் கேட்டார், இரண்டு தரம். முதல் தடவை ஸ்பீக்கரில் போட மறந்துவிட்டோம்.

அஜக்ஸிலிருந்து வந்த ஹாவி சோதனை முடிவுத் தாளை நின்றபடியே படித்தாள். தகப்பனின் நெற்றியில் முத்தமிட்டு, ஒரு பெட்டியின் ரேப்பைக் கிழித்து, கோப்பிச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

கோப்பி கொதித்தபோது தொலேசாவைக் காணவில்லை. தேடிப் போனேன். லிப்ற்றில் நின்றார், எல்லா மாடிக்கும் பொத்தானை அழுத்தியபடி. நானும் ஏறிக்கொண்டேன். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. உடுப்புக் கூடைக்காரி, பீட்சா கொண்டுவந்தவன், நாயோடு ஒரு சீனத்தி, எல்லோர் முகத்துக்கு நேரேயும் தாளை நீட்டினார்.

"மூண்டு!" என்றார். கதவு மூடியது. அடுத்த மாடி.