வாசலிலிருந்து பத்து அடி

எண்ணெய்வித்துக்குப் போட்ட கனோலா பூத்து நிற்கிற வயலில், மெஷின் இறங்குகிற வாசலோரத்துத் துண்டு மட்டும் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது, தண்ணீர் கேட்கிற பயிர் மாதிரி, ஆனால் நேற்றும் மழை, முந்தநாளும் மழை, கால் வைத்தால் மண் சதக்கென்று உள்ளே போகிறது, இவ்வளவு ஈரத்துக்குள் நின்றுகொண்டு இது ஏன் தாகத்தில் சாகிறது என்று பார்ப்பவன் மாதிரிக் குலேந்திரன் நிற்கிறான், பார்க்க என்ன இருக்கிறது, அவனுக்கு ஏழு நாளாகத் தெரியும், முதலாளி மிரோன் ஒரு செடியைப் பிடுங்கித் தூக்கிய அன்றைக்கே தெரியும், வேர் இருக்கவேண்டிய இடத்தில் இஞ்சிக்கிழங்கு மாதிரி வீங்கி விரல்விரலாய்ப் புடைத்த ஒன்று தொங்கியது, எழுபத்தாறு வயதுக் கிழவர் அதைப் பிடித்தபடி சேற்றில் முழங்காலில் இருந்தார், அவர் அப்படி இருந்து அவன் பார்த்ததில்லை, மனைவியைப் புதைத்த அன்றும் நின்றுகொண்டுதான் இருந்தார். கிளப்ரூட், மண்ணோடு வருகிற நோய், வந்த மண்ணில் இருபது வருசம்கூடக் கிடக்கும் என்று பரிசோதகர் சொன்னார், அந்தத் துண்டைச் சுற்றிச் செம்மஞ்சள் எச்சரிக்கைத் துணிக்கொடிகளை நட்டார், இனிப் பல வருசத்துக்கு இந்த வயலில் கனோலாப் பேச்சை எடுக்கவேண்டாம் என்றார், யார் கொண்டுவந்த மண் என்று கிழவர் கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார், சக்கரத்தில் வரும், சப்பாத்தில் வரும், இனி யார் கண்டது. கிழவர் அன்று பின்னேரமே கண்டுபிடித்துவிட்டார், மகன் டேரில், வசந்தத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய மெஷினைக் கழுவாமல் இந்த வாசலால் இறக்கியவன், போனில் ஒரேயொரு வசனம், இனி என் நிலத்தில் கால் வைக்காதே, அதோடு வைத்துவிட்டார்.

கால், அந்தச் சொல் போனில் இருந்து பக்கத்தில் நின்ற குலேந்திரனின் காலுக்குள் இறங்கியது. மூன்று வருசத்துக்கு முந்தைய இலையுதிர்காலம், மூன்று மணித்தியால ஓட்டத் தூரத்தில் இருந்த தன் மைத்துனருடைய அறுவடைக்குக் கிழவர் அவனை உதவிக்குக் கூட்டிப்போனார், அந்தப் பக்கம் நோய் இருக்கிறது, கிருமி சாக எல்லாவற்றையும் பிளீச் தண்ணீரில் கழுவவேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே ஓட்டினார், அவன் கழுவினான், சில்லுகளை, மட்கார்டை, சப்பாத்துகளை மூன்று தரம், சப்பாத்து சுத்தம், ஆனால் அந்த வயலுக்குள் அவன் சப்பாத்தோடு போகவில்லையே, நெடுங்கேணியில் பிறந்தவன், விளைந்து நிற்கிற வயலுக்குள் செருப்போடு இறங்க அவனுக்கு இன்றைக்கும் கூச்சம், யாரும் பார்க்காத ஓரத்தில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்கினான், சேறு கணுக்கால் வரை குளிர்ந்தது, ஊரை விட்டு நாலு வருசத்துக்குப் பிறகு காலில் மண், அழவேண்டும் போல இருந்தது. திரும்பி வரும்போது சப்பாத்து பிளீச்சில் ஊறிச் சொட்டிக்கொண்டு டிரக்கின் பின்னால் கிடந்தது, இந்த வாசலில் கிழவர் நிறுத்தி, ஈரம் எப்படி என்று பார்த்துவா குலா என்றார், வெறுங்காலோடு இறங்கினான், விரலிடுக்கில் காய்ந்திருந்த சேறு பொருபொருவென்று உதிர்ந்தது, பத்து அடி போனான், குனிந்து மண்ணைக் கிள்ளினான், பத்து அடி திரும்பினான்.

பிறகு இரண்டு வருசம் வானம் இல்லை. முதல் வருசம் கனோலா பூக்கிற நேரம் பார்த்து நெருப்பு வெயில், பூவெல்லாம் காய் பிடிக்காமல் காம்போடு கருகி விழுந்தது, ஏக்கருக்கு நாற்பது புஷல் எடுத்த நிலம் பதினொன்று தந்தது, அடுத்த வருசம் போட்ட கோதுமை முழங்காலைத் தாண்டவில்லை, கிழவர் காலையில் வானத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார், குலேந்திரன் பிள்ளையாருக்கு நேர்ந்தான், மழை வந்தால் நூற்றெட்டுத் தேங்காய், இந்த வருசம் மழை வந்தது, அளவாய், சூடான மண்ணில் வாராவாரம், கிழவர் மழைக்குள் நின்று சிரித்தார், அந்த மழைதான் மண்ணுக்குள் கிடந்ததைத் தட்டி எழுப்பியது, நேர்ந்தவனும் அவன், கொண்டுவந்தவனும் அவன்.

வவுனியாவில் இருக்கிற மனைவி சுகிர்தாவிடம் போனில் சொன்னான், கிழவரிடமும் சொல்லப்போகிறேன் என்றான், அவள் பாய்ந்தாள், உங்கட கால்தான் எண்டு அந்தக் கிருமி எழுதியோ வச்சிருக்கு, விசரோ உங்களுக்கு, இந்த மாசம் அவர் வேலைக்கடிதம் தந்தால்தானே எங்களை அங்க கூப்பிடுற அலுவல் நடக்கும், இல்லையப்பா, அந்தப் பெடியன் டேரிலை எல்லோ கிழவர் துரத்திப்போட்டார் என்றான், துரத்தட்டும் என்றாள், அப்பனும் மகனும் நத்தார் பண்டிகைக்குள்ள சேந்திடுவினம், எங்களை ஆர் சேக்கிறது, பிள்ளைக்கு அப்பா எண்டா இந்தப் போன்தான், அதை நினைச்சுப் பாருங்கோ. நினைத்தான், மூன்று நாள் நினைத்தான், மகள் நடக்கப் பழகிய காலத்தில் விட்டு வந்தது, இப்போது அவள் மூன்றாம் வகுப்பு, நாலாம் நாள் காலை இந்தக் கொடிகளுக்குப் பக்கத்தில் வைத்துக் கிழவரிடம் சொன்னான், உடைந்த இங்கிலிஷில், வெறுங்கால், சேறு, பத்து அடி, காலைத் தூக்கியும் காட்டினான். கிழவருடைய இங்கிலிஷ் குலேந்திரனின் தலைக்குள் எப்போதும் ஊர்த்தமிழாகத்தான் விழும், அன்றைக்கும் அப்படியே விழுந்தது, நீயோ குலா, பிளீச் வாளியோட படுத்தெழும்புற ஆள் நீ, அவனுக்காகப் பொய் சொல்ல வந்தனியோ, இல்லை ஐயா, உண்மை, போதும் குலா, வளத்த பிள்ளைக்கு இல்லாத மனசு உனக்கு இருக்கு, அந்த ஒண்டுக்காகவே அவனை மன்னிக்கமாட்டன். தோளில் தட்டினார், கண் கலங்கியிருந்தது, நோய் கண்ட நாளுக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாராம், பின்னேரம் வேலைக்கடிதத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தார், டைப் செய்ததற்குக் கீழே பேனாவால் தானாக ஒரு வரி எழுதியிருந்தார், என் சொந்த மகனைவிட நம்பத்தகுந்தவன். குலேந்திரன் இரண்டு கையாலும் வாங்கினான்.

அன்றிரவு போனில், சொன்னீங்களோ, சொன்னன், என்னவாம், நம்பேல்லை, அப்ப சரிதானே என்றாள் சுகிர்தா, நீங்கள் சொல்லிப்போட்டியள்தானே, குரலில் அப்படி ஒரு நிம்மதி, அவனும் ஓம் என்றான். டேரிலின் நம்பர் போனில் இருக்கிறது, இப்போதும் கைக்குள் இருக்கிறது, டேரில் நம்புவான், பழி சுமக்கிறவன் அவன், அவன் மட்டும்தான் நம்புவான், குலேந்திரன் போனைச் சட்டைப்பைக்குள் வைக்கிறான், கொடிகளைத் தாண்டி நடக்கிறான், பத்து அடி, இருபது, அறுபது, இங்கே எல்லாம் மஞ்சள், தேனீ இரைகிறது, ஒன்றும் ஆகாதது மாதிரி நிற்கிற செடி ஒன்றை, நெஞ்சளவு உயரத்தில் பூவும் பிஞ்சுமாய் நிற்கிற ஒன்றைப் பிடித்து இழுக்கிறான், வந்துவிடுகிறது, வேரில் சின்னதாய், பிள்ளையின் காற்பெருவிரல் அளவில், ஒரு வீக்கம், திரும்பிப் பார்க்கிறான், தூரத்தில் கிழவரின் டிரக் வந்துகொண்டிருக்கிறது, அவன் அதை அதே குழிக்குள் நிமிர்த்தி வைக்கிறான், பூ உதிராமல், சுற்றிவர மண்ணை அணைத்துச் சப்பாத்துக் காலால் இறுக்கி மிதிக்கிறான்.