திருவிடந்தைக்குப் போன மாலை

இந்தக் காலத்தில் எவனும் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை, செல்போனை நீட்டிவிட்டு நடையைக் கட்டிவிடுகிறான் என்று மதுராந்தகத்திலிருந்தே புகைந்துகொண்டு வந்தார் கண்ணாயிரம். முப்பது வருடம் லாரி ஓட்டியவரைக் காரின் பின்சீட்டிலும் அவர் மகளை முன்சீட்டிலும் உட்காரவைத்துவிட்டு, புது மாப்பிள்ளை பரணிதரன் சதுரங்கப்பட்டினம் கோட்டை, மாமல்லபுரத்துச் சிற்பம் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினான். சாயங்காலம் அவனுக்குக் கனடாவுக்கு விமானம். திரும்பிவர இரண்டு வருடம் ஆகும். போகிற வழியில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டுமாம்.

கண்ணாயிரத்துக்கு வேண்டியது ஒன்றுதான். கல்யாணம் கைகூட வேண்டி, மகள் விஜயகுமாரி திருவிடந்தைப் பெருமாள் கோயிலில் வாங்கிக் கழுத்தில் போட்டு ஒன்பது சுற்று வந்த மாலை, சருகாகி மஞ்சள் பையில் இருந்தது. தாலி ஏறியபின் அதைப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய்க் கோயில் மரத்தில் கட்டவேண்டும். பன்னிரண்டுக்கு நடை சாத்திவிடுவார்கள்.

மாமல்லபுரம் தாண்டியதும் காலடியில் துழாவினார். பை இல்லை.

"மாலை எங்க கீது?"

"அந்த மஞ்சப் பையா மாமா? காஞ்ச பூவா இருந்துச்சு. பார்க்கிங்ல குப்பைத்தொட்டியில போட்டுட்டேன்."

"ஆயிரம் வருசத்துக் கல்லை டிக்கெட்டு வாங்கிப் பாக்குற. போன வருசத்து மாலை உனக்குக் குப்பையா? வண்டியத் திருப்பு!"

மாப்பிள்ளையை அவர் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"மணி பதினொன்னேகால் மாமா..."

"திருப்பு. இல்லாங்காட்டி சாவியக் குடு, நான் ஓட்டிக்கினு போறேன்."

திருப்பினான். தொட்டியில் பை இல்லை. நல்ல துணிப்பை, யாரோ உதறிவிட்டு எடுத்துப்போயிருந்தார்கள். சருகு மாலை இரண்டு கிடந்தன. பரணிதரன் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே கைவிட்டு ஒன்றை எடுத்தான்.

"இதுதான்ப்பா" என்றாள் விஜயகுமாரி.

"நம்புளுதுல செவப்பு நூலு கட்டியிருந்தேன். இதுல காணமே?"

"அவுந்து வுழுந்திருக்கும். வாப்பா, நேரமாவுது!"

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கையில் திருவிடந்தையில் ஓடினார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக நான்கு கையாலும் மாலையை மரத்தில் கட்டினார்கள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாயிரம் முடிச்சை இழுத்துப் பார்த்தார்; இறுகித்தான் இருந்தது.

காருக்குத் திரும்பியதும் பின்சீட்டுக் கால்மிதி விரிப்பிலிருந்து பரணிதரன் எதையோ பொறுக்கி நீட்டினான். சிவப்பு நூல்.

"பாத்தீங்களா மாமா? வண்டியிலேயே அவுந்திருக்கு. நம்ம மாலைதான் அது."

"நூலு நம்புளுதுதான் மாப்ள. மாலைக்கு இன்னா சாட்சி?"

"அப்பா!"

"நீ அவர ஏத்திவுட்டுட்டு வூட்டுக்கு வா. நான் அந்த இன்னொரு மாலைய ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன்."

நூலை விரலில் சுற்றிக்கொண்டு, மாமல்லபுரம் பஸ் நிற்கிற பக்கமாக ரோட்டைக் கடந்து நடந்தார்.