ஹோர்னுக்குப் போன காற்று

என் தங்கை புருஷன் முனாஸைப் பற்றி நான் நல்லதாக ஏதும் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

இராணுவம் கழித்துவிட்ட பழைய ஆமி லொறி ஒன்றை ஏலத்தில் எடுத்த நாள் முதல் ஓட்டமாவடியில் அவனுடைய வாய் ஓயவில்லை. தேத்தண்ணிக் கடையில் ஆட்களைப் பிடித்து வைத்து விளக்குவான். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதற்காக இரண்டு சில்லையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவதுதான் டிஃபரன்ஷல். ரோட்டில் அது நல்லது. சேற்றிலோ வழுக்குகிற சில்லு சும்மா சுழலும், தரையைப் பிடித்து நிற்பது அசையாது.

"ஆமிக்காரன் என்ன மடையனா? லொறில இரிக்கிற சுவிச்ச அமத்தினா பைப்பால காத்துப் போய் ரெண்டு சில்லையும் ஒண்டாப் பூட்டிரும். ஒண்டு சுத்தினா மத்ததும் சுத்தித்தான் ஆகணும்" என்பான். கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டு ஆட்டுக்கும் அது பாடமாகியிருக்கும்.

மார்கழி வெள்ளத்தில் என் தங்கை இர்ஷானாவுக்கு வலி கண்டது. பிள்ளைக்குக் கால் கீழே இருக்கிறது, வலி வந்தால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். வயல் வட்டையை மூடி நின்ற தண்ணீரில் அம்பியூலன்ஸ் வர வழியில்லை. லொறியின் பின்பக்கம் மெத்தை போட்டு அவளைக் கிடத்தினோம். நான் பக்கத்தில் இருந்தேன்.

பாதி வழியில் சரளை கொட்டிய கிறவல் ரோட்டின் ஓரம் வெள்ளத்தில் அரிபட்டு லொறி இடப்பக்கம் சரிந்தது. முனாஸ் அக்சிலேட்டரை மிதித்தான். இடப்பக்கச் சில்லுகள் சேற்றை வாரி அடித்துச் சுழன்றன. வலப்பக்கச் சில்லுகள் கிறவலில் நல்ல பிள்ளை மாதிரி நின்றன.

"பூட்டப் போடுங்க மச்சான்!" என்று கத்தினேன்.

"அது வேல செய்யாது மயினி."

"ஏன்?"

தலை குனிந்தான். "ஹோர்னுக்குக் காத்துக் காணாம இரிந்திச்சு. பூட்டுக்குப் போற பைப்ப வெட்டி ஹோர்னுக்குக் குடுத்திட்டன்."

மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு போகிற ஹோர்ன் அது. எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவன் அவன்தான். நிறைமாதப் பெண்டாட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு அந்தப் பைப்பை வெட்டியவனும் அவன்தான்.

"ட்ரக்டருக்குக் கோல் எடுக்கிறன்" என்று போனைக் கையில் எடுத்தான்.

"இவள் அதுவரைக்கும் தாங்குவாளா? இறங்குங்க! ஹோர்னக் கழட்டிப் பைப்பப் பூட்டுங்க!"

ஊர்வலத்துக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டோடு சேற்றுத் தண்ணீரில் மல்லாந்து லொறிக்கு அடியில் நுழைந்தான். மேலே இர்ஷானா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. ஒரு துண்டு ரப்பர் ட்யூப்பால் பைப்பைப் பொருத்திவிட்டு வந்து, சில்லுகள் அசையாமல் நிற்கும்போதே சுவிச்சை அமத்தினான். பூட்டு விழுந்ததைக் காட்டும் லைட் பற்றியது. இந்த முறை பின்பக்கத்தில் வலச் சில்லும் சேர்ந்து சுற்றிக் கிறவலைக் கடித்தது. லொறி ஒரு உந்து உந்தி மேலே ஏறியது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். கோபம் மட்டும் இறங்கவில்லை.

வாழைச்சேனை ஆசுபத்திரியில் வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை. இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றாள் நர்ஸ்.

மறுநாள் முனாஸ் வார்டில் நின்று பக்கத்துக் கட்டில்காரியின் புருஷனிடம், "ஆமி லொறி எண்டபடியாத்தான் வந்து சேந்தம்" என்று அளந்துகொண்டிருந்தான். பிறகு என்னிடம் திரும்பி, "வெள்ளிக்கிழம ஏறாவூர்ல ஒரு ஊர்வலம் மயினி. அதுக்குள்ள பைப்பத் திரும்ப ஹோர்னுக்கு மாத்தணும்" என்றான்.

கண்ணை மூடிக் கிடந்த இர்ஷானா கண்ணைத் திறந்தாள். எங்கள் ஊர்ப்பக்கத்தில் கலியாணத்தோடு வீடு பெண்ணுக்குத்தான் எழுதப்படும்.

"ஊடு என்ட உம்மா எனக்குத் தந்தது" என்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது. "அந்தப் பைப்புல கை வெச்சா, லொறியும் நீங்களும் வேற வளவு பாத்துக்கங்க."

முனாஸ் எனக்காக ஒரு வார்த்தை பேசு என்பதுபோல் என்னைப் பார்த்தான். நான் பிள்ளைக்குத் தொப்பி போட்டுக்கொண்டிருந்தேன்.