முந்திக்கொண்ட ஆமென்

அவள் புருஷன் நேருக்கு நேர் சண்டை போடுகிற ஆள் இல்லை, ஜெபத்தில்தான் போடுவார். குறுக்கே பேசினால் பாவம் அவள் தலையில் விழும். அன்று சாயங்கால ஜெபத்தில் முழங்கால் போட்டதுமே ஆரம்பித்துவிட்டார்.

"ஆண்டவரே, பள்ளிக்கூடம் பிள்ளைகளைக் கெடுக்குது. வீட்லயே வச்சுப் படிக்கவைக்கணும். நர்ஸ் வேலையே கதின்னு கிடக்கிற இவளுக்குக் கீழ்ப்படியிற மனசைக் கொடும்."

பிள்ளைகள் இருவரும் ஆமென் என்றார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை விடு என்று முகத்தைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லை, ஆண்டவரைத் தூது அனுப்புகிறாராம்!

அடுத்து அவள் முறை. நோயாளிகள், சபை, பாஸ்டரின் முட்டிவலி என்று வேண்டுமென்றே நீட்டி முழக்கினாள். அவர் தலை தூக்கத்தில் ஆடத் தொடங்கியதும் குரலை உயர்த்தினாள்.

"பிள்ளைகளுக்காகத் தன்னோட ஆபீஸ் வேலையை விட்டுட்டு, வீட்லயே பாடம் சொல்லித்தர முன்வந்த என் புருஷனை ஆசீர்வதியும், ஆண்டவரே!"

"ஆமென்!" என்றார் அவர், வழக்கம்போல எல்லோருக்கும் முந்தி, சத்தமாக. பிறகுதான் கண்ணைத் திறந்து திருதிருவென்று விழித்தார்.

"ஏய், நான் அதுக்குச் சொல்லல..."

அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"ஆண்டவர்கிட்ட சொன்ன வார்த்தையை மாத்துறதா? அதையே பிள்ளைகளுக்கு முதல் பாடமா நடத்திடாதீங்க."