நாலு சிவப்புப் பொட்டு

வருடத்துக்கு ஒருமுறை வேனைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோகிற வேலையை அத்தை தன் கையால் செய்ததே இல்லை. அதற்குத்தான் தம்பி இருக்கிறானே. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அத்தையின் பாடு. வண்டியின் வயிற்றுக்குள் எது தேய்ந்தது, எதை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் பட்டறை வைத்திருக்கும் தம்பியின் பாடு. சோதனைக்கு நாள் வாங்குவதும் அவன், காலையில் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போவதும் அவன், மதியம் கண்ணாடியில் புதுத் தகுதி வில்லையை ஒட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்துவதும் அவன். அவன் காட்டிய இடத்தில் அத்தை கையெழுத்துப் போடுவாள், அவனுக்குச் சாப்பாடு போடுவாள், அத்தோடு சரி.

வேனில் வரும் பதினான்கு பிள்ளைகளுக்கும் அவள் அத்தைதான். முறைப்படி அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவள் ஒருத்திதான், தம்பியின் மகள். அவள் முதல் வகுப்பில் சேர்ந்த புதிதில் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு ஓயாமல் அத்தை, அத்தை என்று அரித்ததில் மற்றதுகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. ஒரு மாதத்தில் பள்ளிக் காவலாளியே, தலையெல்லாம் நரைத்த மனிதர், அத்தை வண்டி வந்தாச்சு என்று கதவைத் திறக்க ஆரம்பித்துவிட்டார். அந்த மகள் இப்போது வேனில் வருவதில்லை. தனக்கும் அந்தப் பக்கம்தான் வேலை என்று தம்பியே காரில் கொண்டுபோய் விடுகிறான். அத்தைக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். ஆனாலும் அப்பனும் மகளும் சேர்ந்து போக ஆசைப்பட்டால் நாம் ஏன் நடுவில் நிற்பது என்று விட்டுவிட்டாள்.

இந்த வருடம் பள்ளி விடுமுறையும் வில்லையின் கெடுவும் ஒரே வாரத்தில் முடிந்தன. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. புது வில்லை இல்லாத வண்டிக்குப் பள்ளி வாசலில் இடமில்லை என்று தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அத்தையின் தடத்துக்கு இன்னொரு வேன்காரர் வேறு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தார். இந்த நேரம் பார்த்துத் தம்பி உதிரிபாகம் வாங்க வெளியூர் போய்விட்டான். நான்கு முறை கூப்பிட்டாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

சரி, நமக்கு வாய் இல்லையா, கை இல்லையா என்று அத்தையே சோதனைக்கூடத்துக்குப் போன் போட்டாள். அரை மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். பிறகு ஒரு பெண் வந்து வண்டி எண் கேட்டாள், அத்தை சொன்னாள். மறுபடியும் கேட்டாள், மறுபடியும் சொன்னாள். பன்னிரண்டு நாள் கழித்துத்தான் இடம் இருக்கிறது என்றாள். அத்தை தலையில் கை வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் அந்தப் பெண், நாளைக்குக் காலை பத்து மணிக்கு ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார், வருகிறீர்களா என்றாள். வராமல் என்ன! போனை வைத்த பிறகு அத்தைக்கு ஒரே பூரிப்பு. தம்பிக்கு ஒரு நாள் அலைச்சல் மிச்சம். எல்லாவற்றையும் அவன் தலையிலேயே கட்டுகிறோமே என்று அவளுக்கு உள்ளூர ஒரு கூச்சம் இருந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலை வேனைக் கழுவி, இருக்கைக்கு அடியில் கிடந்த பென்சில் துண்டுகளையும் ஒற்றைக் காலுறையையும் பொறுக்கிவிட்டு, கடைசியாக நான்கு சக்கரத்தையும் சுற்றிவந்து பார்த்தாள். அது அவள் தினமும் செய்வது. இரண்டு வருடத்துக்கு முன் தம்பியின் பட்டறையில் புது டயர்களைத் தன் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்து மாட்டச் சொன்னபோது, காற்றடிக்கும் மூடிக்குப் பக்கத்தில் ஒவ்வொரு டயரிலும் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். பிள்ளைகளின் தண்ணீர்ப் புட்டிகள் மாறிப்போகாமல் இருக்க அவற்றுக்கும் அப்படித்தான் வைப்பாள். தன் பொருள் என்றால் ஒரு பொட்டு வைத்துவிட வேண்டும் அவளுக்கு. அப்போது தம்பி, ஏன்க்கா டயருக்கு மை தீட்டலையா என்று கிண்டல் செய்தான். பொட்டு மங்கினால் மேலே இன்னொரு பூச்சுப் பூசிக்கொள்வாள். நான்கு பொட்டும் இருந்தன. கிளம்பினாள்.

சோதனைக்கூடத்துப் பரிசோதகர் ஐம்பது வயது அம்மாள். நெற்றியில் விளக்கு, கையில் அட்டை, முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. உருளைமேல் ஏற்றிப் பிரேக் பார்த்தார். விளக்கு, வைப்பர், இருக்கைப் பட்டை, அவசரக் கதவு, முதலுதவிப் பெட்டி எல்லாம் பார்த்தார். பெட்டிக்குள் அத்தை அடுக்கியிருந்த பஞ்சையும் கட்டுத்துணியையும் பார்த்து ஒரு தலையசைப்புக்கூடக் கிடைத்தது. பிறகு குனிந்து டயரைப் பார்த்தார். குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

நான்கையும் பார்த்துவிட்டு, இந்த டயர் எப்போது மாட்டியது என்று கேட்டார். இரண்டு வருடம் என்றாள் அத்தை, புத்தம் புதிது, நானே பொறுக்கி எடுத்தது என்றும் சேர்த்துக்கொண்டாள். பரிசோதகர் அவளைக் கீழே உட்காரச் சொல்லி, டயரின் ஓரத்தில் பொறித்திருந்த நான்கு எண்களில் விரலை வைத்தார். எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று டயரே சொல்லும் இடம் அது. அதன்படி அந்த டயருக்கு வயது ஒன்பது. வரிப்பள்ளங்களில் அளவுகோலை விட்டுக் காட்டினார். பள்ளம் என்று பேருக்குத்தான் இருந்தது.

பிறகு அறைக்குள் கூட்டிப்போய்க் கணினியில் பழைய பதிவுகளைத் திறந்தார். முந்தைய இரண்டு சோதனைகளிலும் இதே வேன் வேறு டயர்களோடு வந்திருந்தது. இரண்டு தடவையும் ஒரே எண்கள், நல்ல டயர்கள்.

"டயர் கிழடாகும்தாம்மா, இவ்வளவு வேகமாவா? உங்களோடது ஒரு வருஷத்துல எட்டு வயசு கூடியிருக்கு," என்றார் பரிசோதகர். "அந்த நல்ல செட்டை நான் மறக்கவே மாட்டேன். இந்த வருஷம் மட்டும் ஒன்பது வண்டியில பாத்துட்டேன். டெஸ்ட்டுக்கு முன்னாடி எவனோ வாடகைக்கு மாட்டி விடுறான். கேட்டா எல்லாரும் எங்க டயர்தான்னு சாதிக்கிறாங்க. நாங்க அதுக்கு மாப்பிள்ளை டயர்னு பேரே வச்சிருக்கோம். ஒரு நாள் மரியாதைக்கு வந்துட்டுப் போகும்."

மறக்க மாட்டேன் என்கிறீர்களே, எப்படி அடையாளம் என்று கேட்டாள் அத்தை.

"நாலுலயும் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும். இதுலயும் இருக்கு. ஆனா இதுல மேலதான் நகப்பூச்சு, அடியில இருக்கறது பெயிண்ட்டு."

அத்தை வெளியே போய்ச் சக்கரத்தின் முன் மண்டியிட்டாள். நகத்தால் சுரண்டினாள். அவள் பூசிய நகப்பூச்சு செதிலாக உரிந்து வந்தது. அடியில் பட்டறைப் பெயிண்ட், தூரிகை பிடித்து வட்டமாக, அழகாக வைத்தது. அவள் புது டயரைக் கழற்றிக்கொண்டு கிழட்டு டயரை மாட்டியவன், அவள் பொட்டையும் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறான். அவளோ இரண்டு வருடமாகத் தினமும் பொட்டைப் பார்த்தாளே தவிர டயரைப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு அந்தப் பொய்யின் மேல் தன் கையாலேயே பூச்சுப் பூசியிருக்கிறாள்.

போன மழைக்காலத்தில் பள்ளித் திருப்பத்தில் வேன் வழுக்கிக்கொண்டு போய் நடைபாதையை இடித்து நின்றது. பிள்ளைகள் அலறிவிட்டார்கள். அன்று சாயங்காலமே தம்பியிடம் ஓடினாள். அவன் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, வண்டியில் ஒன்றுமில்லை, நீ பிரேக் மிதிக்கிற விதம் அப்படி, வயதாகிறதில்லையா, மெதுவாகப் போ என்றான். அவளும் நம்பினாள். அதற்குப் பிறகு மழை என்றால் ஊர்ந்தாள், பிள்ளைகள் பிந்தினார்கள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவள்தான் மன்னிப்புக் கேட்டாள். தன் கையிலும் காலிலும் நம்பிக்கை போய், வண்டி ஓட்டுவதையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

பரிசோதகர் ஒரு தாளை நீட்டினார். டயரை மாற்றிக்கொண்டு சனிக்கிழமைக்குள் வந்தால் இடையில் நுழைத்துப் பார்த்துத் தருவதாகச் சொன்னார். தாளில் ஒரு வரி மட்டும் காலியாக இருந்தது. இந்தச் சக்கரங்களை மாட்டிய பட்டறை எது, உரிமையாளர் யார். அதை வண்டிக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பட்டறைக்குப் போய்ச் சோதிக்க முடியும், ஐந்து மணிவரை இருப்பேன், எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம் என்றார். அத்தை தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மணி பன்னிரண்டு. வேனை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்து சேர்ந்தாள்.

தம்பி இன்னும் வந்திருக்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு மூலையில், எப்போதும் ஏதோ பழைய சாமான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். நான்கு சக்கரங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. பொட்டுகள் மங்கிப்போயிருந்தன. அவற்றுக்கு மேல்பூச்சுப் பூச ஆள் இல்லை.

மூன்று மணிக்குத் தம்பி வந்தான். தார்ப்பாய் விலகிக் கிடப்பதையும் அக்கா நிற்பதையும் பார்த்ததும் அவன் எதையும் மறைக்கப் பார்க்கவில்லை. அவ்வளவு தூரம் மரியாதை மிச்சம் இருந்தது. முதலில் ஒரு சிநேகிதனுக்காக ஒரே ஒரு நாள் கழற்றினேன் என்றான். அவன் இன்னொருவனிடம் சொன்னான், அந்த இன்னொருவன் ஊர் முழுக்கச் சொன்னான் என்றான். திருப்பி மாட்ட வேண்டும் மாட்ட வேண்டும் என்று தினமும் நினைத்ததாகச் சொன்னான்.

"ரெண்டு வருஷம் ஓடிடுச்சு. ஒண்ணும் ஆகலையேக்கா."

"ஆகியிருந்தா?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அம்மா போன பிறகு சாலையைக் கடக்கும்போதெல்லாம் அவன் பிடித்துக்கொண்டு வந்த கை. கண் கலங்கியிருந்தான், நடிப்பு இல்லை. இப்போதே நாலையும் மாட்டித் தருகிறேன், இனிமேல் இந்தப் பிழைப்பே வேண்டாம் என்றான். அத்தையின் மனம் இளகத்தான் செய்தது. வளர்த்த கை அல்லவா, ஓங்க வரவில்லை. எழுதாத தாள் பைக்குள் இருந்தது. அது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும், கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது, டயர்தான் கிடைத்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டாள். போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்றாள்.

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினான். மகள் நீச்சல் வகுப்பு முடிந்து காத்திருப்பாள், கூட்டிவர வேண்டும். அழுத முகத்தோடு அவன் போய் நிற்க வேண்டாமே என்று, பழக்க தோஷத்தில், அத்தை சொன்னாள்:

"நீ இரு, நான் போய்க் கூட்டிட்டு வரேன். வேன் வாசல்லதானே நிக்குது."

"வேண்டாம், வேண்டாம். அவ இந்த வண்டியில ஏற வேண்டாம்."

யோசிக்காமல் வந்த வார்த்தை. சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது.

அத்தை அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். புது டயர் மாட்டிய பிறகு வந்த முதல் சோதனைக்கு அவன் வேனைக் கொண்டுபோனது எந்த வாரம் என்று எண்ணிப் பார்த்தாள். தம்பி மகள் கடைசியாக முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தது எந்த வாரம் என்று எண்ணிப் பார்த்தாள். இரண்டும் ஒரே வாரம். அந்தப் பக்கம் அவனுக்கு ஒரு வேலையும் இருந்திருக்கவில்லை. தன் பிள்ளையை மட்டும் இறக்கிக்கொண்டு, பதினான்கு பிள்ளைகளையும் அக்காவையும் அந்த வண்டியிலேயே விட்டு வைத்திருக்கிறான்.

"எப்போலேர்ந்துடா ஏற வேண்டாம்?"

தம்பி கார்ச் சாவியைக் கையில் எடுத்தான். அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள், ஏதாவது ஒரு பொய்யையாவது சொல்வான் என்று.

அத்தை பைக்குள்ளிருந்து தாளை எடுத்தாள். அவன் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவையும் எடுத்தாள். தன் நான்கு சக்கரங்களின் அடுக்குமேல் ஏறி உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துப் பட்டறையின் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே உரிமையாளரின் பெயரை எழுதினாள். அவன் பிறந்தபோது ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்த அவள் ஆசைப்பட்டு வைத்த பெயர் அது. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சோதனைக்கூடத்துக்குப் போன் செய்தாள். இந்தத் தடவை பாட்டுப் போடவில்லை. தாள் தயார், அந்த டயர்களும் இங்கேதான் இருக்கின்றன, என்னால் இந்த வண்டியில் இனி வர முடியாது, நீங்களே வாருங்கள் என்றாள்.

"அக்கா, எந்திரிக்கா," என்றான் தம்பி.

"பாப்பா காத்துக்கிட்டிருப்பா, போ," என்றாள் அத்தை. "கார்லயே போய்க் கூட்டிட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்."