சீனா பார்த்து வந்த சூப்பர்வைசர்

யோகராசா தன்னுடைய விசிட்டிங் கார்டை இரண்டு கைகளாலும் நீட்டினார். சீனாவில் அப்படித்தான் கொடுப்பார்களாம். வருடக்கணக்காக ஒரே ஃபாக்டரியில் அவருக்குக் கீழே துணி வெட்டுகிற எனக்கு, அவர் பெயர் மறந்துவிடக்கூடாதே என்ற கவலையாக இருக்கலாம். கார்டில் சூப்பர்வைசர் போய் இன்டர்நேஷனல் கன்சல்டன்ட் வந்திருந்தது.

2005 பெப்ரவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கிற அவருடைய அப்பார்ட்மென்டுக்கு நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம்: நான், பொக்கெற் தைக்கிற யோசெப்பின் அக்கா, பட்டன் பகுதி மரியதாசன். எவரும் சீனா பார்க்க வரவில்லை. குளிர்கோட் தைக்கிற எங்கள் ஃபாக்டரியை மூடப்போவதாகக் கிறிஸ்மஸுக்கு முன்பிருந்தே கதை. அந்த நேரம் பார்த்து முதலாளி யோகராசாவைச் சீனாவின் குவாங்சோ நகரத்துக்கு அனுப்பினார். போய்வந்தவரின் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்கலாம் என்றுதான் பனிக்குள் பஸ் ஏறி வந்திருந்தோம்.

தேத்தண்ணிக்குப் பதிலாக வெறும் சுடுதண்ணீர் வந்தது. குவாங்சோவில் எல்லோரும் அதைத்தான் குடிக்கிறார்களாம். கொண்டுவந்த அவர் மனைவி யோகமலரின் முகம் மன்னிப்புக் கேட்டது.

யோகராசா கமராவை டிவியில் கொளுவினார். ஏழை நாடு என்று நினைத்து நூடுல்ஸ் பொதிகளும் வயிற்றோட்டக் குளிசைகளும் கட்டிக்கொண்டு போனவர், ஹோட்டல் யன்னலைத் திறந்ததும் பேச்சிழந்து நின்றாராம். நம்முடைய டவுன்டவுனைத் தூக்கி அந்தக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் தபால்பெட்டி மாதிரி இருக்குமாம். அவர் பேச்சிழந்தார் என்பதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. அடுத்த படத்தில் ஒரு சாப்பாட்டுக்கடை. வாசலில் கண்ணாடித் தொட்டிகள், உள்ளே மீன், ஆமை, பாம்பு.

"பேர் என்னவெண்டு கேக்கத்தான் விரலை நீட்டினன். வலையைப் போட்டு அள்ளிக்கொண்டு குசினிக்குள்ள போயிற்றான்."

மரியதாசன் சிரித்தார். நானும் சிரித்தேன். யோசெப்பின் அக்கா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தா.

பிறகு வீதிப் படங்கள். போகிற வருகிறவர்களெல்லாம் அவரை மறித்து, தோளில் கைபோட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். ஒரு குழந்தை அவரைக் கண்டு வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. அதையும் மரியாதைக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். எல்லாப் படத்திலும் சனங்கள் அவர் முகத்தை அதிசயமாகப் பார்த்தார்கள்.

"அண்ணை, முதலாளி எங்கட ஃபாக்டரியைப் பத்தி என்ன சொன்னவர்?" என்றார் மரியதாசன்.

"மறுகா சொல்றன். இந்த ஆத்தைப் பார்."

ஆற்றில் விளக்குகள் மிதந்தன. அதற்குப் பிறகு ஒரு மண்டபம். கண்ணுக்கு எட்டுகிறவரை புதுத் தையல் மெஷின்கள், உறைகூடக் கழற்றவில்லை. பாதி வரிசைகளில் இன்னும் ஆட்களே இல்லை. அங்கேயும் தன்னை விடவில்லையாம், ஒரு மெஷினில் இருத்தி, கமராவை முக்காலியில் நட்டுவைத்து வீடியோவே எடுத்தார்களாம்.

யோசெப்பின் அக்கா சுடுதண்ணீர்க் கிளாஸைக் கீழே வைத்தா.

"என்ன தைச்சுக் காட்டினீங்க?"

"நம்மட கோட்டுப் பொக்கெற்தான் கா. நீங்க மடிச்சு அடிக்கிற மாதிரியே."

"மெதுவாத் தைக்கச் சொன்னவங்களா?"

"ஓம். மூண்டு நாலு தரம். அவங்களுக்கு அவ்வளவு விருப்பம்."

சுவரோரம் ஹீட்டர் டக், டக் என்று தட்டியது. யோகராசாவின் சிரிப்பு உதட்டில் அப்படியே இருந்தது, கண் மட்டும் அதைவிட்டு எங்கேயோ இறங்கிக்கொண்டிருந்தது. முதலாளி என்ன சொன்னார் என்று அதன்பிறகு ஒருவரும் கேட்கவில்லை. மரியதாசன் தனக்குக் கிடைத்த கார்டை மேசையில் திருப்பி வைத்தார், ஒற்றைக் கையால். யோசெப்பின் அக்கா அறைக்குள் போய், கட்டிலில் குவித்திருந்த கோட்டுகளுக்குள் தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தா. இரண்டு கைகளும் பொக்கெற்றுக்குள்.

"ஏன் கா எழும்பிற்றீங்க? நாளைக்கு வேலையில காணுவம்தானே?" என்றார் யோகராசா. சொல்லும்போதே குரல் தேய்ந்தது.

டிவியில் படம் தானாக மாறியது. அவர் மெஷினில் குனிந்திருக்கிறார். சுற்றிவர இளம்பெண்கள், ஒருத்தியின் தோளுக்கு மேலால் இன்னொருத்தி எட்டி நிற்கிறாள். அந்தப் படத்தில் ஒருத்திகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை கண்களும் அவருடைய விரல்களில் இருந்தன.